ரோமானியக் கண்ணாடிச் சாமான் எல்லாம் நேத்து கடையில வாங்குன மாதிரி இருக்கே, ஏன்?

பகடை20
மக்களே வணக்கம். நான் டேபிள்டாப் கேம் ஆடுற கோஷ்டி, இருபது முக டைஸ் உருட்டாம எங்களுக்கு ஞாயித்துக்கிழமை போகாது. எங்க வாட்ஸப் குரூப்ல ஒருத்தன் ஒரு போட்டோ போட்டான், பச்சையும் நீலமும் கலந்த கண்ணாடில இருபது முக டைஸ், ஒவ்வொரு முகத்துலயும் ஒரு குறி வெட்டியிருக்கு, நல்லா கைக்கு அடக்கமா. பாத்ததும் எந்தக் கம்பெனிடா எவ்ளோடான்னுதான் கேட்டேன். கம்பெனி ரோமாம், தேதி கி.பி. 2-ம் நூற்றாண்டாம், 2003-ல கிறிஸ்டீஸ் ஏலத்துல கிட்டத்தட்ட 18,000 டாலருக்குப் போயிருக்காம்!

அன்னைக்கு ஆரம்பிச்சது, இப்ப மியூசியம் சைட்டா மேஞ்சுட்டு இருக்கேன். நேப்பிள்ஸ் மியூசியத்துல ஒரு சுவரோவியம், பழைய ரோமானிய ஊர் பாம்பெய்ல (Pompeii, நம்ம பம்பாய் இல்ல) ஜூலியா ஃபெலிக்ஸ் வீட்டுச் சுவர்ல இருந்து எடுத்தது, அதுல ஒரு பெரிய கண்ணாடி பவுல் நிறைய பழம், கண்ணாடிக்கு உள்ள இருக்கிற பழம் கூட மங்கலா தெரியிற மாதிரி வரைஞ்சிருக்கான். கி.பி. 79-ல எரிமலை மூடுறதுக்கு முன்னாடி வரைஞ்சது. அந்த பவுலை எங்க டைனிங் டேபிள்ல வச்சா யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. சதுர பாட்டில் இருக்கு, சென்ட் பாட்டில் இருக்கு, ஜன்னல் கண்ணாடி இருக்கு. அதே காலத்து துணி, செருப்பு, சட்டி எதைப் பாத்தாலும் பழசுன்னு உடனே தெரியுது, கண்ணாடி மட்டும் ஏன் இப்படி? டைம் டிராவல்னு யாராச்சும் எழுதுனா பிளாக் பண்ணிடுவேன், முன்கூட்டியே சொல்லிட்டேன்.

சந்தேகப்பிராணி
ப்ரோ, நீங்க பாத்தது நமக்குத் தெரிஞ்ச மாதிரி இருக்கிற சாமான் மட்டும். மியூசியம் சைட்ல அந்த மாதிரி போட்டோதான் பரவும், ஏன்னா அதைத்தான் ஜனங்க ஷேர் பண்றாங்க. என்னன்னே புரியாத கண்ணாடிச் சாமான் ஷோகேஸ் ஷோகேஸா கிடக்கு, அதை எவன் ஃபார்வேர்டு பண்றான்?

அந்த டைஸையே எடுத்துக்கோங்க. அதுல இருக்கிறது நம்பர் இல்ல, குறி. எதுக்கு உருட்டுனாங்கன்னு யாருக்கும் நிச்சயமாத் தெரியாது. எகிப்துல கிரேக்க எழுத்து வெட்டுன இருபது முகக் கல்லுங்க நிறைய கிடைச்சிருக்கு, நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துல கூட இருக்கு. தக்லா பாலைவனச் சோலைப் பக்கம் கிடைச்ச ஒண்ணுல ஒவ்வொரு முகத்துலயும் ஒரு எகிப்திய தெய்வத்தோட பேரு. அது விளையாட்டுச் சாமானா இருக்கறதை விட குறி கேக்கற சாமானா இருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. உங்க கண்ணு கேமிங் கண்ணு, அதனால டைஸா தெரியுது.

ஊதுகுழல்
நான் ஆய்வகக் கண்ணாடி ஊதுறவன், ஃப்ளாஸ்க், கண்டென்ஸர், ஸ்டாப்காக் ரிப்பேர் எல்லாம் நம்ம வேலை. அதனால இந்த இழையை சும்மா தாண்டிப் போக முடியல, கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

சந்தேகப்பிராணி சார் சொல்றது டைஸுக்கு சரி. பாட்டில், குப்பி, பவுல் இதுக்கெல்லாம் அந்த பதில் பத்தாது. காரணம் ரொம்ப நேரடியானது, இன்னைக்கு கையால ஊதுறவன் செய்யிற வேலையும் அன்னைக்கு அவன் செஞ்ச வேலையும் ஒரே வேலை.

கண்ணாடி அதுக்கு ஆயிரத்தைநூறு வருஷம் முன்னாடியே இருக்கு, ஆனா ஊதத் தெரியாது. களிமண்ணும் சாணியும் கலந்த உள்கருவைச் சுத்தி உருகுன கண்ணாடியைச் சுத்துவாங்க, ஆறுனதும் உள்ளே இருக்கிறதைச் சுரண்டி எடுப்பாங்க, இல்லாட்டி அச்சு மேல தட்டைக் கண்ணாடியைச் சரிய விட்டு பவுல் பண்ணுவாங்க. ஒரு சின்ன குப்பிக்கே அவ்ளோ நேரம். பிறகு கி.மு. 1-ம் நூற்றாண்டு நடுவுல ஜெருசலேம் பக்கம் ஏதோ ஒரு பட்டறையில எவனோ ஒருத்தன் கண்ணாடிக் குழாயோட ஒரு முனையை மூடி மறு முனையில ஊதிப் பாத்திருக்கான். பட்டறைக் குப்பை யூதக் குடியிருப்புப் பகுதியில தோண்டினப்ப அப்படியே கிடைச்சது, பாதி ஊதி விட்ட குழாய் எல்லாம் அதுல இருக்கு. இரும்பு ஊதுகுழாய் வந்தது அதுக்கு அப்புறம். நூறு வருஷத்துக்குள்ள சாம்ராஜ்யம் முழுக்க ஊதுறாங்க.

இப்ப கேளுங்க, உருகுன கண்ணாடியை குழாய் முனையில எடுத்து ஊதுனா முதல்ல வர்றது உருண்டை. கீழ தொங்க விட்டா நீளும், அது சென்ட் குப்பி. சுத்துனா வாய் விரியும், அது கிண்ணம். இடுக்கி வச்சு கழுத்தைப் பிடிச்சா பாட்டில். அடியை உள்ளே தள்ளுனா தள்ளாடாம நிக்கும், ஒயின் பாட்டில் அடியில பாத்திருப்பீங்களே. அடியில இன்னொரு கம்பியை ஒட்டிப் பிடிச்சுக்கிட்டு வாயைத் தீயில காட்டி மழுப்பணும், கம்பியை உடைச்சு எடுத்த இடத்துல ஒரு வடு நிக்கும். ரோமானியப் பாத்திரத்தைத் தலைகீழா கவுத்துப் பாருங்க, பலதுல அந்த வடு இருக்கும். இன்னைக்கு கைவேலைப் பாட்டில் வாங்குனாலும் அதே இடத்துல அதே வடு. மூச்சும், கண்ணாடியோட சொந்த கனமும், சூடும் சேந்து உருவத்தை முடிவு பண்ணுது, செய்யிறவனுக்கு நடுவுல கொஞ்சம்தான் இடம். துணிக்கும் செருப்புக்கும் அப்படி இல்ல, வெட்டுறவன் இஷ்டம்.

சரக்கும் கிட்டத்தட்ட அதேதான். ரோமானியக் கண்ணாடியில சிலிக்கா (மணல் சரக்கு) சுமார் 70 சதவீதம், சோடா (குடிக்கிறது இல்ல, சோடியம் சரக்கு) 16-18, சுண்ணாம்பு 7-8. இன்னைக்கு நீங்க குடிக்கிற சோடா பாட்டில்ல சிலிக்கா 72-74, சோடா 13-14, சுண்ணாம்பு பத்து பதினொண்ணு. சோடா அவங்களுக்கு எகிப்து வாடி நாட்ரூன் ஏரி உப்புல இருந்து வந்தது. சுண்ணாம்பை யாரும் தனியா போடல, இப்ப இஸ்ரேல்ல இருக்கிற அக்கோ பக்கத்து பேலஸ் ஆத்து முகத்துவார மணல்ல சிப்பித் தூள் தானா கலந்திருக்கும், அது போதும். அந்த மங்கலான நீலப்பச்சை இருக்கே, அது மணல்ல இருக்கிற இரும்பு. அதைப் போக்கத்தான் ஆன்டிமனி, இல்லாட்டி மாங்கனீஸ் போட்டாங்க, போட்டா நிறமில்லாத கண்ணாடி, அதுதான் ஒசத்தி.

பகடை20
அண்ணே செம்ம. ஒரு டவுட்டு, ஊதுனா உருண்டைதான் வரும்னா சதுர பாட்டில் எப்படி வந்துச்சு? அதுதான் எனக்கு ரொம்ப மாடர்னா தெரிஞ்சுது, ஆலிவ் ஆயில் பாட்டில் மாதிரி.

கிடங்குக்காரி
இதுக்கு நான் பதில் சொல்றேன், சதுரம் எங்க ஏரியா தம்பி. நான் வேர்ஹவுஸ்ல வேலை பாக்குறேன், உருண்டை டப்பா வந்தா எங்களுக்கு எரிச்சல்தான் வரும், பெட்டியில அடுக்குனா நடுநடுவுல காத்துக்கு வாடகை குடுக்கணும். ரோமானியனுக்கும் அதே கணக்கு. சதுர உடம்பை அச்சுக்குள்ள ஊதிடுவாங்க, கழுத்தும் கைப்பிடியும் மட்டும் பிறகு கையால. அந்தக் கைப்பிடியைப் பாருங்க, அகலமா, செங்குத்தா வரி வரியா இருக்கும், தோளுக்கு வெளியே நீட்டிக்கிட்டு நிக்காது, அதுவும் அடுக்குற கணக்குதான். கி.பி. 1-ம் நூற்றாண்டு பாதியில இருந்து 2-ம் நூற்றாண்டு வரைக்கும் இது பிரிட்டன்ல இருந்து சிரியா வரை எங்க தோண்டினாலும் வருது.

அடியில வட்டத்துக்குள்ள வட்டமா முத்திரை, சிலதுல எழுத்து. வட பிரான்ஸ் பக்கம் பின்னாடி காலத்துல பீப்பா வடிவ பாட்டில் வருது, அதுல ஃப்ரொன்டினஸ்னு பேரு போட்டே வருது, சுருக்கி FRON-ன்னு. இது பட்டறை அடையாளமா சரக்கு அடையாளமான்னு சண்டை போட்டுக்கிட்டே இருக்காங்க ஆராய்ச்சிக்காரங்க.

எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. நிறைய பாட்டில்ல அடியும் ஓரமும் தேஞ்சு கீறல் விழுந்திருக்கு, அதாவது எடுத்து எடுத்து வச்சு திரும்பத் திரும்ப நிரப்பி யூஸ் பண்ணியிருக்காங்க. கடைசியில அதே பாட்டில்ல எரிச்ச சாம்பலையும் எலும்பையும் போட்டுப் புதைச்சும் இருக்காங்க. முழுசா நமக்குக் கிடைச்சது பெரும்பாலும் கல்லறையில இருந்துதான், இல்லாட்டி எப்பவோ உடைஞ்சிருக்கும்.

சந்தேகப்பிராணி
அக்கா சொன்னதை ஒத்துக்குறேன், FRON-ஐ தமிழ்ல எழுதியிருக்கலாம் 😀

கிடங்குக்காரி
எஃப் ஆர் ஓ என். திருப்தியா?

வடமராட்சியான்
நான் கன நாளா வாசிக்கிற ஆள், எழுதுறது குறைவு. மருந்துக்கடையில வேலை செய்தனான், அதால ஒண்டு சொல்லோணும். ஒருத்தரும் இன்னும் பறவைக் குப்பியைப் பற்றிக் கதைக்கேல்லையே!

வட இத்தாலியிலும் சுவிஸ் தெற்கு டிச்சினோ பக்கமும் கி.பி. 1-ம் நூற்றாண்டுப் புதைகுழியளுக்குள்ள சின்னச் சின்னக் கண்ணாடிப் பறவையள் கிடைக்குது. மெல்லிசா ஊதி, உள்ளுக்கை வாசனைத் தைலமோ முகத்துக்குப் பூசுற பொடியோ போட்டு, வால் நுனியை நெருப்பிலை உருக்கி மூடிப்போடுவினம். மூடி கீடி ஒண்டும் கிடையாது. பாவிக்கிறதெண்டா வாலை முறிக்கவேணும், பிறகு திருப்பி மூடேலாது. இது அப்பிடியே எங்கட ஊசி மருந்து ஆம்ப்யூல் தானே? கண்டெடுத்ததிலை கனக்க வால் முறிஞ்சபடி கிடக்குது, சிலதுக்குள்ள பொடி இன்னும் ஒட்டிக்கொண்டு கிடக்காம். திறந்ததோ திறக்காததோ எண்டு வாங்கிறவருக்குப் பாத்தவுடனை விளங்கும், கலப்படம் செய்யேலாது. ஊதுகுழல் அண்ணை, இதை மூடுறது கஷ்டமோ?

ஊதுகுழல்
கஷ்டம் மூடுறதுல இல்ல தம்பி, உள்ள இருக்கிற சரக்கு கருகாம மூடுறதுல. வால் நுனி முடி மாதிரி மெல்லிசா இருக்கணும், அப்பதான் தீ ஒரு நொடி பட்டா போதும் ஒட்டிக்கும். நாங்களும் வேக்யூம் ஆம்ப்யூல் மூடுறது அந்த முறைதான், கழுத்தை இழுத்து மெலிசாக்கி அங்க மட்டும் தீ காட்டுவோம். நீங்க சொன்ன உதாரணம்தான் இந்த இழையில பெஸ்ட், ஏன்னா இங்க உருவம் ஒத்துப் போகல, பறவைக்கும் ஊசி மருந்துக்கும் பாத்தா சம்பந்தம் இல்ல, வேலைதான் ஒத்துப் போகுது.

மீனாட்சிபுரம்எக்ஸ்பிரஸ்
சும்மா படிச்சிட்டு இருந்தேன். ரசிகர் மன்றச் சாமான் பத்தி யாரும் சொல்லலையே? இங்கிலாந்து கோல்செஸ்டர்ல ஒரு பச்சைக் கண்ணாடிக் கப் கிடைச்சுது, இப்ப பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. சுத்தி நாலு குதிரை ரதம் ஓடுது, மேல ரதக்காரங்க பேரு. ஹியராக்ஸ் போய்ட்டு வா, ஒலிம்பே போய்ட்டு வா, அன்டிலோகே போய்ட்டு வா, கிரெசென்ஸுக்கு மட்டும் வாழ்க! தோத்த மூணு பேருக்கு டாட்டா, ஜெயிச்சவனுக்கு ஜே. கிளாடியேட்டர் பேரு போட்ட கப்பும் இருக்கு, பெட்ரெய்டீஸ், ஸ்பிகுலஸ்னு ஸ்டார் பேரா பாத்து அச்சுல ஊதித் தள்ளியிருக்காங்க. டூரிஸ்ட் சாமானும் உண்டு, நேப்பிள்ஸ் பக்கத்து பாயே, புட்டியோலி கடற்கரை ஊருங்களோட அரண்மனை, சிப்பிப் பண்ணை, துறைமுகம் எல்லாம் கீறி பேரும் எழுதுன உருண்டை பாட்டிலுங்க, 4-ம் நூற்றாண்டு.

பகடை20
யோவ் இது ஜெர்சி நம்பர் போட்ட மக் தானே!! அப்ப பிராண்டும் இருந்திருக்குமே?

மீனாட்சிபுரம்எக்ஸ்பிரஸ்
என்னியன்னு ஒரு கண்ணாடிக்காரர் இருக்காரே. கி.பி. 1-ம் நூற்றாண்டு, இப்ப லெபனான்ல இருக்கிற சீடோன் பக்கம். அச்சுலயே கிரேக்கத்துல "என்னியன் செய்தது"ன்னு கட்டம் கட்டிப் போட்டுடுவாரு, ஒவ்வொரு கப்லயும் விழும். சிலதுல பின்பக்கம் "வாங்குபவர் நினைவில் நிற்கட்டும்"னு ஒரு வரி. இத்தாலி வரைக்கும் போயிருக்கு அந்தச் சாமான்.

சந்தேகப்பிராணி
விலையும் குறைஞ்சாத்தான் இதெல்லாம் நடக்கும். அந்தக் காலத்து கிரேக்க பூகோள ஆசிரியர் ஸ்ட்ராபோ எழுதுறாரு, ரோம்ல ஒரு செப்புக் காசுக்குக் கண்ணாடிக் கிண்ணமோ குடிக்கிற கப்போ வாங்கலாம்னு. கி.பி. 301-ல டயோக்ளீஷியன் ராஜா போட்ட விலைக்கட்டுப்பாட்டு ஆணையில கண்ணாடிக்கே தனி ரேட் இருக்கு, அலெக்ஸாண்ட்ரியா கண்ணாடி ராத்தல் 24 தினாரியஸ், யூதேயா பச்சைக் கண்ணாடி 13, ஜன்னல் கண்ணாடி ஃபர்ஸ்ட் குவாலிட்டி 8, செகண்ட் 6. ஹார்டுவேர் கடை போர்டு படிக்கிற மாதிரியே இருக்கும்.

அதே நேரத்துல மறு கோடியில, ரெண்டு சின்னக் கண்ணாடிக் கப்புக்கு நீரோ காலத்துல 6,000 செஸ்டர்ஸ் காசு குடுத்தாங்கன்னு ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வச்சிருக்காரு. ஆக கண்ணாடின்னா ஏழைக்குன்னும் சொல்ல முடியாது பணக்காரனுக்குன்னும் சொல்ல முடியாது.

இப்ப என் பங்குக்கு ரெண்டு பலூனை உடைக்கிறேன். ஒண்ணு, மயில் கழுத்து மாதிரி மினுங்குதே ரோமானியக் கண்ணாடி, அது அவங்க போட்ட டிசைன் கிடையாது. மண்ணுக்குள்ள ஈரம் பட்டு சோடா கரைஞ்சு வெளியேறி, மேல்தோல் தாள் தாளா உரியுது, அந்தத் தாள்களுக்கு நடுவுல வெளிச்சம் மோதி வர்ற கலரு. செஞ்சவன் கையில இருந்தப்ப அது சாதாரண பச்சைக் கண்ணாடி. 19-ம் நூற்றாண்டு கடைசியில அமெரிக்காவுல டிஃபனின்னு ஒரு கண்ணாடிக் கலைஞர் இந்த அழுகுன பளபளப்பைப் பாத்து மயங்கி, உலோக உப்பை வச்சு புதுக் கண்ணாடியிலயே வர வச்சாரு. அதாவது நம்ம வீட்டு ஷோகேஸ்ல இருக்கிற கலர் பூச்சாடி ரோமானியனைக் காப்பியடிக்கல, ரோமானியனோட சாமான் கெட்டுப் போனதைக் காப்பியடிக்குது.

ரெண்டு, கண்ணீர்க் குப்பி. நீளக் கழுத்துச் சின்னக் குப்பியில துக்க வீட்டுல அழுத கண்ணீரைப் பிடிச்சு வச்சாங்கன்னு ஒரு கதை ஓடுது. அது தைலக் குப்பி, அவ்வளவுதான். டெஸ்ட் ட்யூப் மாதிரி இருக்கேன்னு கேப்பீங்க, ஊதுகுழல் அண்ணன் முதல்லயே சொல்லிட்டாரு, தொங்க விட்டா நீளும்.

பகடை20
அப்ப லைகர்கஸ் கப்? அது நானோ டெக்னாலஜின்னு ஒரு ஃபார்வேர்டு வருதே

ஊதுகுழல்
அந்த ஃபார்வேர்டுல பாதி நிஜம். 4-ம் நூற்றாண்டுக் கப், பிரிட்டிஷ் மியூசியம் 1958-ல வாங்குனது. வெளிச்சம் முன்னாடி இருந்து பட்டா வெளிறுன பச்சை, உள்ளே இருந்து வந்தா ரத்தச் சிவப்பு. கண்ணாடிக்குள்ள தங்கமும் வெள்ளியும் சுமார் 50-ல இருந்து 100 நானோமீட்டர் துகளா சிதறிக் கிடக்கு, அதனால. ஆனா அவனுக்கு நானோமீட்டரும் தெரியாது ஒண்ணும் தெரியாது, இவ்ளோ தூள் போட்டு இப்படிச் சூடு காட்டுனா இப்படி வருதுன்னு கைப்பழக்கம். அதையும் நெனச்சப்ப எல்லாம் செய்ய முடிஞ்ச மாதிரி தெரியல, இந்த மாதிரி கலர் மாறுற துண்டு விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் உலகத்துல இருக்கு. எனக்கு அந்தக் கலரை விட அதோட செதுக்கல்தான் பிரமிப்பு, தடிமனா ஒரு கப் செஞ்சு, வெளிப்பக்கத்தைக் குடைஞ்சு குடைஞ்சு உருவங்களை கிட்டத்தட்ட தனியா நிக்க விட்டிருக்கான். கடைசி நாள் ஒரு தட்டு தப்புனா மொத்தமும் போச்சு.

வடமராட்சியான்
லென்ஸ் இருந்ததோ அண்ணை? மூக்குக் கண்ணாடி?

ஊதுகுழல்
மூக்குக் கண்ணாடி இல்ல, அது 13-ம் நூற்றாண்டு இத்தாலி. ஆனா ரோமானியத் தத்துவஞானி செனெகா ஒரு இடத்துல எழுதுறாரு, தண்ணி நிரப்புன கண்ணாடி உருண்டை வழியா பாத்தா எவ்ளோ பொடி எழுத்தும் பெருசா தெளிவா தெரியுதுன்னு. கையில லென்ஸை வச்சுக்கிட்டு, அது தண்ணியோட குணம்னு முடிவு பண்ணிட்டாரு! பிளினியும் அதே தண்ணி உருண்டையை வெயில்ல வச்சா துணி பத்திக்கும்னு எழுதுறாரு. ரெண்டு பேரும் வாசல் வரைக்கும் வந்து கதவைத் தட்டாமப் போயிட்டாங்க.

கொற்கைமுத்து
நம்ம பக்கமும் வந்திருக்குங்க. பெரிப்ளஸ் கடல்வழிக் குறிப்புல முசிறிக்கு இறக்குற சரக்குல செம்பு, தகரம், ஈயத்தோட கச்சாக் கண்ணாடியும் இருக்கு, அதாவது பாத்திரமா இல்ல, கட்டியா. இங்க உருக்கி மணி பண்ணியிருக்கலாம். அரிக்கமேட்டுலயும் கேரளாவுல பட்டணம்ங்கிற ஊர்லயும் வெளிப்பக்கம் விலா எலும்பு மாதிரி வரி வச்ச ரோமானிய பவுல் துண்டு கிடைச்சிருக்கு. ஆனா முழுசா பாக்கணும்னா ஆப்கானிஸ்தான் பெக்ராம்தான், 1937-லயும் 1939-லயும் பிரெஞ்சுக்காரங்க மூடிக் கிடந்த ரூம்களைத் திறந்தப்ப மீன் வடிவக் குப்பி, ஓவியம் தீட்டுன கிளாஸ்னு குவியல் குவியலா எடுத்தாங்க.

கிடங்குக்காரி
கட்டியா வந்ததுன்னதும் ஞாபகம் வருது, உடைஞ்சதும் சரக்குதான் அவங்களுக்கு. ரோமானியக் கவிஞர் மார்ஷியல் கவிதையில டைபர் ஆத்துக்கு அந்தப்பக்கத்து தெரு வியாபாரி ஒருத்தன் வர்றான், கந்தகக் குச்சி குடுத்துட்டு உடைஞ்ச கண்ணாடி வாங்கிட்டுப் போறான். நம்ம பழைய இரும்பு ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் ஆளேதான்! 1986-ல இத்தாலி கிராடோ பக்கம் கடல்ல ஒரு ரோமானியக் கப்பல் கிடைச்சுது, அதுல ஒரு மரப் பீப்பா முழுக்க உடைஞ்ச கண்ணாடி, மறுபடி உருக்கறதுக்காக ஏத்துனது. கழுத்து, அடி, கைப்பிடி எல்லாம் துண்டு துண்டா. எங்க வேர்ஹவுஸ்ல உடைசல் ரிட்டர்ன் போற மாதிரி கணக்கு இருந்திருக்கும்னு நெனச்சா சிரிப்பா வருது.

சந்தேகப்பிராணி
எல்லாரும் ஒத்துப் போறதையே சொல்றீங்க, ஒத்துப் போகாததையும் சொல்லுங்க. திருகு மூடி ரோமானியப் பாட்டில்ல பாத்திருக்கீங்களா? கிடையாது. ஒயினை வருஷக்கணக்கா கண்ணாடியில அடைச்சு வைக்கிற பழக்கமும் கிடையாது, அதுக்கு ஆம்ஃபோராங்கிற மண் ஜாடிதான். ஜெர்மனி ஷ்பயர்ல 1867-ல கிடைச்ச ஒண்ணரை லிட்டர் பாட்டில் இருக்கே, கி.பி. 325-350 வாக்கு, திறக்காத ஒயின்னு சொல்றாங்களே, அது கல்லறைக்குன்னு வச்சது. உள்ள திரவம் தங்குனதுக்கே காரணம் மேல ஊத்துன ஆலிவ் எண்ணெயும் வாயை அடைச்ச மெழுகும்தான். காலு நீண்ட ஒயின் கிளாஸும் நாலாம் நூற்றாண்டுக்கு முன்னாடி அபூர்வம்.

பகடை20
சரி சரி சார். கடைசியா ஒண்ணு, ஆன்லைன்ல "ஒரிஜினல் ரோமன் குப்பி"ன்னு மினுங்கிக்கிட்டு ஒண்ணு விக்கிறான், வாங்கலாமா?

ஊதுகுழல்
மினுங்குறதை வச்சு நம்பாதே, அந்தப் பளபளப்பை ஆசிட் காட்டியும் வர வைக்கலாம், மேல ஒட்டவும் ஒட்டலாம். எங்க இருந்து எப்ப எந்த நாட்டுல இருந்து வெளியே வந்ததுன்னு பேப்பர் கேளு, இல்லேன்னா அது போலியா இருக்கும், அசலா இருந்தா எவனோ கல்லறையைத் தோண்டித் திருடுனதா இருக்கும். ரெண்டுக்கும் காசு குடுக்காதே.

வடமராட்சியான்
நான் இப்ப டொரண்டோவில. இங்க இருந்து கோர்னிங் கண்ணாடி மியூசியம் காரிலை ஒரு நாலு மணித்தியாலம், மேலை சொன்ன பாயே படம் போட்ட போத்தலிலை ஒண்டு அங்க இருக்குது, பொப்புலோனியாவிலை எடுத்தது. அங்கயே உலை வச்சு ஊதியும் காட்டுவினம். வாற மாசம் போறன், ஆருக்காவது எந்தப் பக்கம் படம் வேணுமெண்டு சொல்லுங்கோ.

ஊதுகுழல்
அடிப்பக்கம் தம்பி. முடிஞ்சா கீழ இருந்து எடுங்க.